பாதியில் நிற்கும் பிள்ளைக்கு எத்தனை சொல்?

நாமக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தவர் எவரும் அந்தச் சுவர்ப்படத்தைப் பார்த்திருப்பர். ஆப்பிளில் தொடங்கி வரிக்குதிரையில் முடியும் இருபத்தாறு கட்டங்கள். குழந்தைகள் ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டே வருவார்கள். ஐந்தாவது கட்டத்தில் முட்டை வந்ததும் குரல் சற்றே உயரும். கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள் அவர்கள். முட்டையைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறையவே உண்டு: எது உடைந்தது, எது சிறுத்தது, ஓர் அட்டையில் எத்தனை அடங்கும், லாரி எந்த நேரத்துக்கு வரும். ஆனால், 'எக்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்து மீனுக்குப் போய்விட வேண்டும். உடைந்தது, எடு, வை, எத்தனை என்பவற்றுக்கு அந்தச் சுவரில் படம் இல்லை.

படமாக வரையக்கூடிய பொருள்களின் பெயர்களை மட்டும் கற்றுக்கொண்ட குழந்தைக்கு எவ்வளவு ஆங்கிலம் வந்துவிடும்? அந்தக் குழந்தை மூன்று, நான்கு ஆண்டுகளில் பள்ளியைவிட்டு நின்றுவிட்டால் அதன் கையில் மிஞ்சுவது என்ன? இந்தக் கேள்விகளை இந்திய வகுப்பறைகளில் நின்று கேட்டு, விடையை எண்ணிப் பார்த்தே கண்டறிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் மைக்கேல் ஃபிலிப் வெஸ்ட். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்போர் உலகெங்கும் அறிந்த பெயர் அது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையின் பயன்மிக்க ஆண்டுகள் கழிந்தது லண்டனில் அல்ல, டாக்காவில் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1888-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வெஸ்ட், 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளம் வந்தார். பின்னர் டாக்காவில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலை என்பதால் பள்ளிகளுக்குச் சென்று கடைசி வரிசையில் அமர்ந்து பாடம் கேட்பது அவருடைய கடமையின் பகுதி. அவ்வாறு கேட்டபோது அவருக்குப் புலப்பட்ட உண்மை எளியது. எளியதாக இருந்ததாலேயே பிறர் கண்ணுக்குப் படாமல் போனது.

ஆங்கிலேயக் குழந்தை பள்ளிக்கு வரும் நாளிலேயே ஆங்கிலம் பேசத் தெரிந்த குழந்தை. ஆயிரக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே அதன் காதிலும் நாவிலும் இருக்கின்றன. அதற்கு எழுதப்படும் வாசகப் புத்தகம் செய்ய வேண்டியது, தெரிந்த சொல்லின் எழுத்து வடிவத்தைக் காட்டுவது மட்டுமே. அதே அமைப்பில் எழுதிய புத்தகத்தை வங்காளத்துச் சிறுவனிடம் கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் அவன் முன்பின் அறியாத சொல் ஒன்று வந்து வழிமறிக்கிறது. அதிலும் பல, செய்யுளில் மட்டும் உயிர்வாழும் பழஞ்சொற்கள். வாழ்நாளில் இன்னொரு முறை அவன் கண்ணில் படாதவை. அகராதியைப் புரட்டியும், ஆசிரியர் சொன்ன பொருளை ஓரத்தில் எழுதியும் அவன் ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் கதை அவனைவிட்டுப் போய்விடும்.

வெஸ்ட் கண்ட இரண்டாவது உண்மை இதைவிடக் கசப்பானது. ஆங்கிலக் கல்வி முழுவதும் மெட்ரிகுலேஷன் தேர்வுவரை போகும் சிறுபான்மையினரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருந்தது. இடையில் நின்றுவிடும் பெரும்பான்மையினரைப் பாடத்திட்டம் கணக்கில் கொள்ளவே இல்லை. அடித்தளம் போடுவதிலேயே நான்கு ஆண்டுகள் போய்விடும். கட்டடம் எழுவதற்குள் பிள்ளை வயலுக்கோ கடைக்கோ போயிருப்பான்.

இதை விளக்க வெஸ்ட் ஆயுள் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார். அது 'சரண்டர் மதிப்பு'. நம் வீடுகளில் இதைத் தெரியாதவர் இல்லை. தவணையைத் தொடர முடியாமல் பாலிசியைப் பாதியில் ஒப்படைப்பவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கு. பல பாலிசிகளில் முதல் சில ஆண்டுகளுக்கு அது பூஜ்யமாகவே இருந்துவந்தது. ஒரு குழந்தை படிப்பைப் பாதியில் ஒப்படைக்கும்போது, அதுவரை அது செலவிட்ட காலத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று வெஸ்ட் கேட்டார். அன்றைய ஆங்கிலப் பாடத்தைப் பொறுத்தவரை விடை கிட்டத்தட்ட பூஜ்யமாகவே இருந்தது. எந்த ஆண்டில் நின்றாலும், அந்த ஆண்டுவரை கற்றது தன்னளவில் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன்பின் அவர் செய்த அனைத்துக்கும் அளவுகோலாயிற்று.

1926-இல் கல்கத்தாவில் அரசு வெளியீடாக வந்த 'இருமொழியம்' என்ற அவருடைய நூல் வங்காளத்தைச் சான்றாகக் கொண்டு இதை விரிவாகப் பேசுகிறது. தாய்மொழியில் உணர்வும் வாழ்வும் நிறைவாக இருக்கும் ஒருவனுக்கு ஆங்கிலம் எதற்காகத் தேவை? அறிவியலும் தொழில்நுட்பமும் அன்று அவன் மொழியில் போதிய அளவு நூல்களாக இல்லை; அவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் தேவை என்று அவர் முடிவு கட்டினார். ஆகவே, முதலில் வாசிப்பு. பேச்சும் எழுத்தும் பிறகு. வாசிப்பு ஒன்றில்தான், குறைந்த காலம் படித்தவனும் ஏதேனும் ஒரு நன்மையைக் கையோடு கொண்டுபோக முடியும் என்பது அவர் வாதம்.

அன்றைய கல்வியியல் அறிஞர்களுக்கு இது உவப்பாக இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த நேர்முறைக் கற்பித்தல்தான் அப்போது புதுமை எனப் போற்றப்பட்டது. தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, பொருளைக் கையில் எடுத்துக் காட்டி அதன் பெயரை அயல்மொழியில் சொல்வது அந்த முறை. பேனா, மேசை, சன்னல், கதவு. இதற்கு நீண்ட மரபும் உண்டு. செக் நாட்டு மொராவியாவைச் சேர்ந்த கொமேனியஸ் 1658-இல் நியூரம்பெர்கில் வெளியிட்ட படநூல், அடுப்பங்கரை முதல் ஆகாயம் வரை பொருள்களை வரைந்து, எண்ணிட்டு, இலத்தீனிலும் ஜெர்மனிலும் பெயர் எழுதிக் காட்டியது. நம் பள்ளிச் சுவர்ப்படத்தின் மூதாதை அதுதான். குழந்தைகளுக்காக அப்படியொரு நூல் வந்தது பெரும் புரட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், காட்டக்கூடியதைக் கற்பிப்பது எளிது என்பதற்காக, கற்பிக்க வேண்டியதே அதுதான் என்று ஆகிவிடாது. எங்கள் தலைமுறை மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தைத் தொடங்கியபோது 'திஸ் இஸ் எ பென்' என்பதை எத்தனை நூறு முறை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. பள்ளிக்கு வெளியே ஒருவர்கூட என்னிடம் பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டதில்லை. வெஸ்ட் தாய்மொழியை வகுப்பிலிருந்து விரட்டவில்லை. ஒரு சொல்லின் பொருளை வங்காளியில் ஒரு நொடியில் சொல்லிவிட முடியுமானால், அதை அபிநயித்துக் காட்டிக் கால்மணி நேரத்தை வீணாக்குவானேன் என்பது அவர் எண்ணம். மிச்சப்படும் நேரத்தில் பிள்ளை வாசிக்கட்டும்.

வாசிக்கப் புத்தகம் வேண்டுமே! அதையும் அவரே எழுதினார். லாங்மன்ஸ் நிறுவனம் 1920-களின் பிற்பகுதியில் வெளியிடத் தொடங்கிய 'நியூ மெத்தட்' வாசகங்கள் அவருடைய டாக்கா சோதனைகளின் விளைச்சல். இரண்டு விதிகளை அவர் வகுத்துக்கொண்டார். முதலாவது, அரிய சொல்லுக்குப் பதிலாக அன்றாடச் சொல். இரண்டாவது, புதிய சொற்களுக்கிடையே இடைவெளி. ஏறத்தாழ ஐம்பது, அறுபது சொற்களுக்கு ஒரு புதிய சொல் என்ற அளவில் மட்டுமே அறிமுகம். வந்த சொல் உடனே மறைந்துவிடாமல் மறுபடியும் மறுபடியும் தலைகாட்ட வேண்டும். சோற்றில் கல் பொறுக்குவதுபோல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, முதன்முறையாக ஒரு பக்கத்தைக் கதைக்காகவே படிக்க முடிந்தது. இந்த வாசகங்கள் வங்காளத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட பல நாடுகளுக்கும் பரவின. பிரிட்டிஷ் பதிப்பகத்துக்குப் பேரரசு முழுவதும் சந்தை என்பதும் அந்தப் பரவலுக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எது அன்றாடச் சொல், எது அரிய சொல் என்பதை யார் தீர்மானிப்பது? ஆசிரியரின் அனுபவம் போதாது என்று வெஸ்ட் கருதினார். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ஏராளமான அச்சுப் பக்கங்களில் சொற்களை எண்ணி, அடிக்கடி வரும் பத்தாயிரம் சொற்களை 1921-இல் பட்டியலிட்டிருந்தார். வெஸ்ட் அதைப் பயன்படுத்திக்கொண்டார். அதேவேளையில் இங்கிலாந்தில் சி.கே. ஆக்டன் வேறொரு வழியில் போனார். 1930-இல் அவர் அறிவித்த 'பேசிக் இங்கிலீஷ்' வெறும் 850 சொற்களைக் கொண்டது. உலகத்தார் அனைவருக்கும் அவையே போதும் என்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரதமர் சர்ச்சிலே அதைப் புகழ்ந்து பேசினார்.

ஆக்டனின் பட்டியலில் படம் வரைந்து காட்டத்தக்க பொருள்கள் என்று தனியே 200 பெயர்கள் உண்டு. அதைச் சேலத்துக் கண்ணோடு படிப்பது சுவையான வேலை. முட்டை, கோழி, ஆடு, ஏர், விதை, ஊசி, நூல், சக்கரம் எல்லாம் அதில் இருக்கின்றன. ராசிபுரத்துக் குழந்தைக்குப் பழக்கமான உலகந்தான். கூடவே பாலாடைக்கட்டி, கையுறை, நீள்காலுறை, தேவாலயம், அடுமனை அடுப்பு ஆகியவையும் இருக்கின்றன. நூல் இருக்கிறது, தறி இல்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் பாவு, ஊடை, நாடா, தார் என்று நாளெல்லாம் புழங்கும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அன்றாடப் பொருள் எது என்பதை எங்கோ ஒரு நகரத்து மேசையில் அமர்ந்து தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும்.

ஆக்டனோடு வெஸ்ட் கடுமையாக மோதினார். மோதலின் காரணம் பொருட்பெயர்கள் அல்ல, வினைச்சொற்கள். ஆக்டன் ஆங்கில வினைகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்திருந்தார். வா, போ, கொடு, எடு, வை, பெறு போன்ற சிலவற்றைக்கொண்டே எல்லாவற்றையும் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும். அச்சிறு வினைகள் மிகவும் பயனுள்ளவை என்பதை வெஸ்ட் மறுக்கவில்லை. ஆனால், அவற்றை மட்டும் வைத்துக் கட்டும் வாக்கியம் ஆங்கிலேயர் எவரும் பேசாத ஆங்கிலமாகிவிடும்; தொடக்க நிலை மாணவனுக்கு அந்தச் சுற்றுவழி எளிதன்று, கடினம் என்றார். கற்பவன் பிறகு உண்மையான ஆங்கிலத்துக்கு வரும்போது கற்றதில் ஒரு பகுதியை மறக்க வேண்டியிருக்கும். இந்தப் பூசலில் இருவரும் ஒருவரையொருவர் நியாயமாக நடத்தினார்கள் என்று சொல்வதற்கில்லை.

1932-இல் வெஸ்ட் இந்தியாவைவிட்டுச் சென்றார். அதன்பின் வந்த சில ஆண்டுகள் அவருக்குப் பெரும் பெயரைத் தந்தன. கார்னெகி நிறுவனத்தின் பொருளுதவியோடு 1934-இல் நியூயார்க்கிலும் 1935-இல் லண்டனிலும் கூடிய மாநாட்டில் தார்ன்டைக்கும், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹெரால்டு பாமரும், வெஸ்டும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பாமர் பேச்சிலிருந்து தொடங்கியவர், வெஸ்ட் வாசிப்பிலிருந்து தொடங்கியவர். ஆயினும் முதலில் கற்பிக்கத்தக்க சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் பெருமளவு உடன்பட்டார்கள். 1935-இலேயே, சீனாவில் பணியாற்றிய கனடிய மதபோதகர் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து வெஸ்ட் ஓர் அகராதியை வெளியிட்டார். 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களைக்கொண்டே பொருள் விளக்கிய அகராதி அது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால், விளக்கத்தில் மேலும் மூன்று தெரியாத சொற்கள் வந்து நிற்கும் அவலத்தை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

லண்டன் மாநாட்டின் பட்டியல் 1936-இல் இடைக்கால அறிக்கையாக வந்தது. பின்னர் போர் குறுக்கிட்டது. ஐம்பது இலட்சம் சொற்கள் கொண்ட நூற்பரப்பில், ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதோடு, அதன் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்தனை பங்கு வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1953-இல் வெஸ்ட் பதிப்பித்த பொதுப்பயன் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இடம்பெற்றன. கணினி இல்லாத காலம். தாளும் பென்சிலும் பொறுமையுமே கருவிகள்.

அவர் எண்ணிக்கைக்கு அடிமையாகவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது. அடிக்கடி வரும் சொல் என்பது ஓர் அளவுகோல் மட்டுமே. கற்க எவ்வளவு உழைப்பு ஆகும், அந்தச் சொல் இல்லாவிட்டால் அந்தக் கருத்தை வேறு சொல்லால் சொல்ல முடியுமா, அது எல்லா நடைகளிலும் பொருந்துமா என்றெல்லாம் பார்த்தே ஒன்றைச் சேர்த்தார், மற்றொன்றை விலக்கினார். ஏற்கெனவே கற்ற சொல்லைக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிட முடியுமானால், அதற்கெனப் புதிய சொல் வேண்டாம். சிக்கனமான குடும்பத்தலைவியின் கணக்கு அது.

1960-இல் வெளிவந்த அவருடைய 'கடினமான சூழலில் ஆங்கிலம் கற்பித்தல்' என்ற சிறுநூல் நம் பள்ளிகளைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும். முப்பதுக்கு மேல், பெரும்பாலும் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருங்கி அமர்ந்திருக்கும் வகுப்பு. வயதிலும் அறிவிலும் ஒழுங்காகத் தரம் பிரிக்கப்படாத கூட்டம். தாமே சரளமாக ஆங்கிலம் பேசாத ஆசிரியர். வெப்பம் மிகுந்த நாடு. நல்ல வசதியுள்ள வகுப்பறைக்கு வகுத்த முறையைக் கொண்டுவந்து இங்கே திணித்துவிட்டு, ஆசிரியரைக் குறை சொல்வதை அவர் ஏற்கவில்லை. எழுபதைக் கடந்த பிறகும் டாக்கா வகுப்பறைகள் அவர் நினைவைவிட்டு அகலவில்லை போலும்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. வங்காளத்துச் சிறுவனுக்கு ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்தால் போதும், பேச்சு பின்னால் வரட்டும் என்று முடிவு செய்தபோது, ஆளப்படுகிறவன் ஆள்பவனோடு எந்த அளவுக்குப் பேச வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே முடிவு செய்துவிட்டார். வழக்குமன்றத்திலும் அலுவலகத்திலும் பேச்சே அதிகாரமாக இருந்த காலத்தில் அது சிறிய விஷயம் அல்ல. அடுத்து, அவர் நம்பிய கணக்கெடுப்புகள் அமெரிக்க, ஆங்கிலேய அச்சுப் பக்கங்களில் எடுக்கப்பட்டவை. அங்கே அடிக்கடி வரும் பொருட்பெயர், காவிரிக் கரையில் அடிக்கடி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வினைகளும், இணைப்புச் சொற்களும், அளவையும் இடத்தையும் காலத்தையும் சுட்டும் சொற்களும் அப்படியல்ல. அவை எங்கும் ஒன்றே. வெஸ்ட் பட்டியலில் இன்றும் தேயாமல் நிற்கும் பகுதி அதுதான்.

தமிழகத்தில் 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் தொடங்கப்பட்டன. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தமிழ், கணக்கு ஆகியவற்றோடு ஆங்கிலத்தையும் முதல் மூன்று வகுப்புகளுக்குச் செயல்பாடுகள் வழியாகக் கொண்டுவந்தது. பெற்றோரின் ஆவலைக் குறை சொல்ல முடியாது. ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்யும் தாய், தன் மகள் ஆங்கிலத்தில் இருபது பழங்களின் பெயரைச் சொல்வதைக் கேட்டு மகிழ்வது இயல்பு. ஆண்டு விழா மேடையில் அது நன்றாகவும் இருக்கும். அந்த மகளுக்கு நான்காம் வகுப்பில் ஓர் எளிய பத்தியைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று கேட்பவர் குறைவு. பழங்களின் பெயர்கள் இருபதும் தெரிந்திருந்தும், 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'பிகாஸ்' தெரியாததால் கேள்வித்தாளின் முன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எந்த ஆசிரியரும் காட்டுவார்.

வெஸ்ட் 1973-இல் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, லாங்மன் நிறுவனம் வெளியிட்ட பெரிய கற்போர் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களைக்கொண்டே தன் விளக்கங்களை எழுதியது. அதன் அடிப்படை அவருடைய பட்டியல்தான். இன்று கைப்பேசியில் ஆங்கில அகராதியைத் திறந்து எளிய விளக்கத்தைப் படிக்கும் மாணவி, அவர் பெயரை அறியாமலே அவருடைய உழைப்பைப் பயன்படுத்துகிறாள்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஓட்டுநர் ஆனவர்கள் எங்கள் பகுதியில் பலர் உண்டு. மாநில எல்லை தாண்டியதும் தமிழ்ப் பலகைகள் நின்றுவிடுகின்றன. அதன்பின் இரவு நேரத்தில் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் வாசித்தாக வேண்டியவை: 'கீப் லெஃப்ட்', 'கோ ஸ்லோ', 'நோ என்ட்ரி'. அவற்றில் ஒன்றும் பொருளின் பெயர் அல்ல.